ஸ்பீக்கருக்கும் காது உண்டு: 1966-ல் பீட்டில்ஸ் பாட்டுக்கு பேஸ் வந்த கதை

இந்த எபிசோடை கேக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. 1964, 65-ல வந்த பீட்டில்ஸ் பாட்டு ஏதாவது ஒண்ணை ஹெட்ஃபோன்ல போடுங்க. அடுத்து, 1966-ல வந்த 'பேப்பர்பேக் ரைட்டர்' போடுங்க. முதல் பாட்டுல பேஸ் கிட்டார் எங்கேயோ பின்வரிசையில உக்காந்திருக்கும். ரெண்டாவதுல எழுந்து வந்து முன்னாடி நிக்கும். வாசிக்கிறவர் அதே பால் மெக்கார்ட்னி. இடமும் லண்டன்ல அதே இ.எம்.ஐ. ஸ்டூடியோஸ்தான், பிற்பாடு அபே ரோடுன்னு பேர் மாறின இடம். அப்போ நடுவுல என்ன மாறுச்சு?

முதல்ல, பேஸ் ஏன் இல்லாம இருந்ததுன்னு பார்ப்போம். பேஸைப் பிடிக்கிற மைக் அவங்ககிட்ட இல்லாம இல்ல. பிரச்சினை இசைத்தட்டுல இருந்தது. தட்டுல இருக்கிற பள்ளம் இடது வலதா வளைஞ்சு வளைஞ்சு போகும். அந்த வளைவுதான் ஒலி. தாழ்ந்த சத்தம்னா வளைவு பெருசு. ரொம்பப் பெருசா போனா, வீட்டுல இருக்கிற மலிவான ரெக்கார்ட் பிளேயர்ல முள் துள்ளிடும். முள் துள்ளினா வாங்கினவங்க தட்டைத் திருப்பிக் கொண்டுவருவாங்க. அந்தப் பயத்துல, தட்டு வெட்டுற அறையில பேஸை அடக்கியே வச்சிருந்தாங்க.

அமெரிக்கால இருந்து வந்த தட்டுகள் வேற மாதிரி இருந்தது. டெட்ராய்ட்ல மோட்டவுன், மெம்ஃபிஸ்ல ஸ்டாக்ஸ், இங்கெல்லாம் பேஸ் தாராளமா இருக்கும். வில்சன் பிக்கெட் தட்டு ஒண்ணுல இருக்கிற பேஸ் எங்க தட்டுல மட்டும் ஏன் இல்லன்னு ஜான் லெனன் இ.எம்.ஐ. ஆட்கள்கிட்ட கேட்டதா பதிவு இருக்கு. நியாயமான கேள்வி. உலகத்துலயே அதிகம் விக்கிற குழு, ஆனா பக்கத்து வீட்டுத் தட்டு அளவுக்குக் கூட அடித்தளம் கேக்கல.

1966 ஏப்ரல்ல பீட்டில்ஸுக்குப் புது ரெக்கார்டிங் இன்ஜினியர் வந்தார். பேர் ஜெஃப் எமெரிக். வயசு 20. 1962-ல படிப்பு முடிச்ச கையோட அந்த ஸ்டூடியோவுல உதவியாளா சேர்ந்தவர். அந்த இடத்தோட கலாசாரத்தை கொஞ்சம் கற்பனை பண்ணிக்கங்க. டெக்னிக்கல் பிரிவு ஆட்கள் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாங்க. மைக்கை டிரம்ல இருந்து எவ்வளவு தூரத்துல வைக்கணும்னு கூட விதி உண்டு. அந்த இடத்துல 20 வயசுப் பையன் கையில, கம்பெனிக்கு அதிகம் சம்பாதிச்சுக் கொடுக்கிற குழு.

'பேப்பர்பேக் ரைட்டர்' ஏப்ரல் 13, 14 தேதிகள்ல பதிவாச்சு. மெக்கார்ட்னி வழக்கமான ஹோஃப்னர் பேஸை விட்டுட்டு ரிக்கன்பேக்கரை எடுத்தார். அதுவே பாதி மாற்றம். மீதிப் பாதிக்கு எமெரிக் செஞ்சதுதான் இன்னைக்கு நம்ம கதை: பேஸ் ஆம்ப்போட ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ல, முகத்துக்கு முகம், இன்னொரு ஸ்பீக்கரை வச்சார். அதை மைக் மாதிரி கனெக்ட் பண்ணார்.

ஸ்பீக்கர் எப்படிக் கேக்கும்? உள்ள ஒரு காந்தம், அதுல அசையுற ஒரு கம்பிச்சுருள், சுருளோட ஒட்டின காகித கோன். மின்சாரம் கொடுத்தா சுருள் அசையும், கோன் காத்தைத் தள்ளும், நமக்குச் சத்தம் கேக்கும். இதைத் திருப்பிப் போடுங்க. காத்து கோனைத் தள்ளினா, சுருள் காந்தத்துக்குள்ள அசையும், கம்பியில மின்சாரம் பிறக்கும். 1831-ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்ச அதே மின்காந்தத் தூண்டல். மேடையில பாடகர் பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக்கும் இதே அமைப்புதான், அளவு மட்டும் சின்னது. பெல்லோட ஆரம்பகால டெலிஃபோன்ல பேசவும் கேக்கவும் ஒரே கருவி. வாய்கிட்ட வச்சுப் பேசிட்டு, அதையே காதுக்குக் கொண்டுபோவாங்க.

அப்போ எல்லா ஸ்பீக்கரும் நல்ல மைக்கா? இல்ல. பெரிய கோன் கனமானது. நொடிக்கு ஆயிரக்கணக்குல அதிர்ற சன்னமான சத்தத்துக்கு அது அசைஞ்சு கொடுக்காது. ஆனா பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி நொடிக்கு சுமார் 41 தடவை அதிரும். அந்த மெதுவான தள்ளலுக்குப் பெரிய கோன் நல்லா ஆடும். இங்க ஒண்ணைக் கவனிக்கணும். நல்ல மைக்குக்குக் கேக்காத ஆழம் எதுவும் ஸ்பீக்கருக்குக் கேக்கல. மேல இருக்கிற மத்ததெல்லாம் அதுக்குக் கேக்காது, அவ்வளவுதான். கீழ இருக்கிற சத்தத்தை மட்டும் வடிகட்டி, கொஞ்சம் தன் குணத்தையும் கலந்து கொடுக்கும். அதோட குறைதான் இந்த வேலைக்கு அதோட தகுதி.

இந்தக் கதையை இணையத்துல சொல்றவங்க பெரும்பாலும் இங்கேயே முடிச்சிடுவாங்க. புத்திசாலிப் பையன், விதியை உடைச்சான், பேஸ் வந்துச்சு, சுபம். ஆனா யோசிச்சுப் பாருங்க. டேப்ல பேஸ் வந்தாச்சு. தட்டு? முள் துள்ளுற பிரச்சினை அப்படியே இருக்கே! சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின சங்கதி. ஒரு இடத்துல வேகத்தைக் கூட்டினா, அடைப்பு அடுத்த இடத்துக்கு நகரும்.

அந்த அடைப்பை எடுத்தது வேற ஒரு அறை. தட்டு வெட்டினவர் டோனி கிளார்க். அவர்கிட்ட இ.எம்.ஐ. டெக்னிக்கல் ஆட்கள் உருவாக்கின ஒரு கருவி இருந்தது. சுருக்கமா ஏ.டி.ஓ.சி., திடீர்னு எகிறுற சத்தத்தைத் தானாவே கட்டுப்படுத்துற பெட்டி. அதை வச்சுத்தான் தட்டை வழக்கத்தைவிடச் சத்தமா, பேஸோட வெட்ட முடிஞ்சது. ஜூன் 10-ம் தேதி பிரிட்டன்ல வெளியாச்சு. அங்கயும் அமெரிக்காலயும் முதலிடம்.

விதியை உடைச்சவர் பேர் நமக்கு ஞாபகம் இருக்கு. அந்த விதி எதுக்காக வந்ததோ அந்தக் காரணத்தையே தீர்த்தவங்க பேர் பெருசா யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியைச் செஞ்ச வெள்ளைக் கோட்டு ஆட்கள் இல்லன்னா, எமெரிக்கோட ஸ்பீக்கர் பிடிச்ச பேஸ் டேப்போடயே நின்னிருக்கும். வெள்ளைக் கோட்டுன்னா கற்பனை இல்லாதவங்கன்னு நினைக்கிறது சுலபம். இந்தத் தட்டு வேற சொல்லுது.

உத்தி அதோட மறையல. பிற்பாடு யமஹா என்.எஸ்.10 ஸ்டூடியோ ஸ்பீக்கரோட வூஃபரை எடுத்து, கிக் டிரம் முன்னாடி தொங்கவிட்டுப் பதிவு பண்றது வழக்கமாச்சு. யமஹாவே டிரம் ஷெல்லுக்குள்ள 6.5 அங்குல ஸ்பீக்கரை வச்சு 'சப்கிக்'னு வித்தாங்க. 2016-ல இஸ்ரேலோட பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதோட இன்னொரு பக்கத்தைக் காட்டினாங்க. கம்ப்யூட்டர்ல செருகின ஹெட்ஃபோனை, மைக்கே இல்லாம, சாஃப்ட்வேர் மூலமாவே ஒட்டுக்கேக்க வைக்கலாம்னு. ஸ்பீக்கர்ங்கிறது நாம வச்ச பேர். சுருளுக்கும் காந்தத்துக்கும் அந்தப் பேர் தெரியாது.

எமெரிக் 2018-ல காலமானார். 'பேப்பர்பேக் ரைட்டர்' இன்னொரு தடவை போடுங்க. பாட்டை விட்டுட்டு பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.