எஸ்பிரெசோ இயந்திரமும் நீரின் தன்மையும்

எஸ்பிரெசோ என்பது நைசாக அரைத்த காப்பித்தூளின் ஊடாக ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரைச் செலுத்தி இறக்கும் அடர்காப்பி. இதற்கென வீடுகளில் வைத்திருக்கும் சிறு இயந்திரங்கள் பழுதாவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று, அவற்றில் ஊற்றப்படும் நீர். நீரால் வரும் கேடு இருவகைப்படும். கடினநீர் சுண்ணப் படிவை உண்டாக்கும். உப்பு மிகக் குறைந்த நீரும் குளோரைடு மிகுந்த நீரும் உலோகத்தை அரிக்கும். குடிக்க ஏற்ற நீரெல்லாம் இயந்திரத்துக்கு ஏற்றதாக இருப்பதில்லை.

கொதிகலன் அமைப்பு

மிலான் நகரின் லூயிஜி பெட்செரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், காப்பி இறக்கும் நீரும் நீராவியும் ஒரே கொதிகலனிலிருந்து வந்தன. 1961இல் ஃபயேமா நிறுவனம் வெளியிட்ட இ61 இயந்திரம் புதுநீரை மோட்டார் பம்பால் இழுத்து, கொதிகலனுக்குள் செல்லும் வெப்பமாற்றிக் குழாய் வழியாகச் சூடாக்கியது. இன்றைய வீட்டு இயந்திரங்களில் இந்த வகையும், ஒற்றைக் கொதிகலன், இரட்டைக் கொதிகலன், வெப்பக்கட்டி வகைகளும் உள்ளன. படிவு எங்கே, எவ்வளவு விரைவாகச் சேரும் என்பது இந்த அமைப்பைப் பொறுத்தது. காப்பிக்கான கொதிகலனில் நீர் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். நீராவிக் கொதிகலனிலோ ஆவி மட்டுமே வெளியேறும். உப்பு உள்ளேயே தங்கி, நாளுக்கு நாள் அடர்த்தி கூடும். பால் நுரைக்க நீராவியை அதிகம் பயன்படுத்தும் வீடுகளில் இக்கொதிகலனின் வெந்நீரை வாரத்துக்கு ஓரிரு முறை திறந்துவிட்டுப் புதுநீர் ஏறவிடுவது நல்ல பழக்கம்.

சுண்ணப் படிவு

நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவே கடினத்தன்மை. இதில் பைகார்பனேட்டுடன் சேர்ந்த பகுதி தற்காலிகக் கடினத்தன்மை எனப்படும். சூடேறும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஏறும் வெள்ளைப் பொருக்கும் இதுவே. பெரும்பாலான உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் சூட்டில் கரைதிறன் குறைவது. எனவே இயந்திரத்தில் மிகச் சூடான இடமாகிய வெப்பச்சுருளின் மேல்தான் படிவு முதலில் பிடிக்கிறது.

தற்காலிகக் கடினத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள நீரை நாளுக்கு 1 லிட்டர் பயன்படுத்தினால், அத்தனையும் படிந்துவிடும் என்று கொள்ளும்போது ஆண்டுக்கு 36 கிராமுக்கு மேல் சுண்ணம் சேரும். நடைமுறையில் ஒரு பகுதி காப்பியோடு வெளியேறிவிடும். செம்பைவிட இப்படிவு நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிறது. இதனால் வெப்பச்சுருளின் சூடு நீருக்கு எளிதில் போய்ச் சேராமல், சுருளே அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோக நேரிடுகிறது.

கொதிகலனுக்கு அப்பால் முதலில் அடைபடுவது நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறுதுளை. இதன் விட்டம் பொதுவாக 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. காப்பித்தூள் இல்லாமல் நீரைத் திறந்தாலும் மெலிந்து வந்தால் இத்துளையையோ சோலனாய்டு வால்வையோ ஐயுறலாம். பெயர்ந்த பொருக்கு வால்வின் இருக்கையில் சிக்கிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. சொட்டுத்தட்டில் நீர் விடாமல் சொட்டும். பாதுகாப்பு வால்வு பொருக்கேறி இறுகினால் அபாயம். அதைச் சோதித்து மாற்றுவது தேர்ந்த பழுதுநீக்குநரின் வேலை.

அரிப்பு

படிவுக்கு அஞ்சி காய்ச்சி வடித்த நீரையோ உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரையோ அப்படியே ஊற்றினால் வேறு சிக்கல் வருகிறது. பைகார்பனேட் இல்லாத நீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து எளிதில் அமிலத் தன்மை அடையும். செம்பையும் பித்தளையையும் மெல்லக் கரைக்கும். பொருத்துகளில் நீலப் பச்சைக் கறை தெரிவது இதன் அறிகுறி. குளோரைடு துருப்பிடிக்காத எஃகிலும் குழிக்குழியாக அரிப்பை உண்டாக்கும். பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி உலோகம் நொறுங்குவதும் உண்டு.

மேலும், பல இயந்திரங்களில் கொதிகலனின் நீர்மட்டத்தை ஒரு உலோகக் கம்பி மின்கடத்துகை வழியாக உணர்கிறது. உப்பற்ற நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால், நிரம்பிய கொதிகலனையும் வெறுமையாக எண்ணி இயந்திரம் நீரை ஏற்றிக்கொண்டே போகலாம். கம்பியின் மேல் படிவு மூடினாலும் இதே கோளாறு நேரும்.

அளவைகள்

அமெரிக்க ஸ்பெஷாலிட்டி காப்பிச் சங்கத்தின் நீர் அளவுகோல் மொத்தக் கரைபொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 150 மில்லிகிராம், பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மை 40 மில்லிகிராமை ஒட்டி, பி.எச். 7, குளோரின் அறவே இல்லை என்று வகுத்தது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரையும் அனுமதிக்கிறது. குளோரைடுக்கு இந்த எல்லைகள் 250, 1000. ஆகவே தரத்தில் தேறிய நீரும் கொதிகலனில் படிவை உண்டாக்கலாம், எஃகை அரிக்கலாம்.

நீர் படிவுண்டாக்கும் பக்கம் சாய்கிறதா, அரிக்கும் பக்கம் சாய்கிறதா என மதிப்பிடப் பயன்படுவது லாங்கெலியர் குறியீடு, 1936இல் வெளியானது. பி.எச்., கால்சியம், காரத்தன்மை, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. வீடுகளில் பரவலாக உள்ள டி.டி.எஸ். மீட்டர் மின்கடத்துகையை மட்டும் அளக்கிறது. சோடியம் உப்பையும் சுண்ணத்தையும் பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் தனித்தனியே காட்டும் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டிகள் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும்.

சீராக்கும் வழிகள்

சோடியம் அயனிப் பரிமாற்றப் பிசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. காரத்தன்மையும் குளோரைடும் அப்படியே இருக்கும். ஹைட்ரஜன் வகைப் பிசின் காரத்தன்மையையும் குறைக்கிறது. கரித்தூள் வடிகட்டி குளோரினை நீக்கும், குளோரைடை நீக்காது. குளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு வீட்டில் எட்டும் தீர்வு ஆர்.ஓ.; வடிந்த நீரில் சிறிது உப்பு மீட்டுச் சேர்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்தால் காரத்தன்மை ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஆகும். கால்சியம் இல்லாததால் படிவும் இல்லை. சுவையிலும் நீருக்குப் பங்குண்டு. காரத்தன்மை கூடினால் காப்பியின் புளிப்பு மழுங்கும். முற்றிலும் இல்லாவிட்டால் புளிப்பு கூர்மையாக எழும்.

படிவு நீக்கம்

வீடுகளில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலக் கரைசலே பயன்படுகிறது. அலுமினியக் கொதிகலனில் அமிலம் உலோகத்தையும் தின்னும் என்பதால் செறிவும் நேரமும் குறைவாக இருக்க வேண்டும். வினிகரின் வாடை ரப்பர் கேஸ்கெட்டுகளில் தங்கிவிடும். சோப்புத்தூள் இட்டு எதிரோட்டத்தில் கழுவுவது காப்பி எண்ணெயை மட்டுமே போக்கும்; சுண்ணத்தை அது தொடாது.

தடித்த படிவை ஒரே தடவையில் கரைக்க முற்பட்டால் பெயர்ந்த பொருக்கு சிறுதுளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். இத்தகைய கொதிகலனைக் கழற்றி அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்வதே பழுதுநீக்குநர்களின் முறை. நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட இயந்திரம் படிவு நீக்கிய பிறகு புதிதாக ஒழுகத் தொடங்குவதும் உண்டு. தேய்ந்த கேஸ்கெட்டின் இடுக்கையும் அரித்த உலோகத்தின் ஊசித்துளையையும் அதுவரை அடைத்து வைத்திருந்தது அந்தச் சுண்ணமே. ஆகவே இப்பணியின்போது கேஸ்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடுவது வழக்கம்.