விருந்தாளி வர அனுமதி: கிள்ளான் போராட்டத்தின் மறந்துபோன கோரிக்கை

மலாயாத் தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றைப் பேசும்பொழுது கப்பல், கங்காணி, கூலி, கள்ளுக்கடை என்னும் நான்கு சொற்களோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். வேலை முடிந்த பிறகு அம்மக்கள் என்ன செய்தார்கள்? யாரைப் பார்க்கப் போனார்கள்? நல்ல நாள் பெரிய நாளில் அவர்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தார்கள்? இவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. ஆயினும், இந்த அன்றாட வாழ்க்கை ஒரு முறை வேலைநிறுத்தக் கோரிக்கையாகவே எழுந்து நின்றது. அதனை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

1941ஆம் ஆண்டின் முற்பகுதி. சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களை ஒன்றுதிரட்டியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஆர்.எச்.நாதன். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர் அவர்.

இந்தப் போராட்டத்தைச் சம்பளப் போராட்டம் என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. சம்பளம் அதில் இருந்தது உண்மைதான். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளுள் முதன்மையானது. ஆனால், பட்டியல் அதோடு முடியவில்லை. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும் என்றெல்லாம் அது நீண்டது. நடுவில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரையோ அலுவலரோ எதிரில் வரும்பொழுது மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று.

எண்ணிப் பாருங்கள்! மாமன் மச்சான் வீட்டுக்கு வருவதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

தோட்டம் என்பது தனியார் நிலம். லயன் வீடு, கோயில், பள்ளிக்கூடம், கிணறு, வழி எல்லாமே அந்த நிலத்தின்மீதுதான் நின்றன. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீடாயினும் அது தொழிலாளியின் வீடன்று. வேலை போனால் வீடும் போகும். ஆகவே, அங்கு வரும் வெளியாளை அத்துமீறி நுழைந்தவனாகக் கருத நிருவாகியால் முடிந்தது. நிருவாகத்திற்கு இதில் இரண்டு அச்சங்கள் இருந்தன. வந்தவன் நல்ல கூலி பேசி ஆட்களை வேறு தோட்டத்திற்கு இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்பது பழைய அச்சம். சங்கம், உரிமை என்று பேசி மனத்தைக் கலைத்துவிடுவானோ என்பது புதிய அச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டிமார்கள்.

தோட்டத் தமிழருக்கு வருகை என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. கங்காணிமார் தங்கள் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் திரட்டி வந்தார்கள். ஒரே ஊரைச் சேர்ந்த உறவுகள் வெவ்வேறு கங்காணியின் பின்னே வந்து, வெவ்வேறு தோட்டங்களில் சிதறிப்போனதும் உண்டு. அக்காள் ஒரு தோட்டம், தம்பி ஒரு தோட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் தோட்டம் விட்டுத் தோட்டம். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கருமாதி எதுவாயினும் தாய்மாமன் வந்தாக வேண்டும். சீர்வரிசைத் தட்டோடு வருகிறவர் எந்த நேரத்தில் வருகிறார், எத்தனை நாள் தங்குகிறார் என்பதைப் பிறர் முடிவு செய்வதானால், அந்தக் குடும்பத்தின் மானம் என்னாவது? இக்கோரிக்கையின் சூடு அங்கேதான் இருக்கிறது.

கோயில் திருவிழாவும் அப்படியே. மாரியம்மன் திருவிழாவுக்கு அண்டைத் தோட்டத்து மக்கள் திரண்டு வந்தால்தான் திருவிழா. காவடியும் தீமிதியும் பார்த்து, இரவெல்லாம் கூத்து பார்த்து, விடியலில் செம்மண் சாலையில் நடந்து திரும்புவார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும் என்பது வேறு. பால்மரத்தை வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாகச் சுரக்கும். ஆகையால் தோட்டத்து நாள், ஊர் உலகத்து நாளைவிட மிகச் சீக்கிரம் தொடங்கியது. மாலையில் எஞ்சிய சில மணி நேரமும் விடுமுறை நாளுமே அவர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடியவை.

அந்தச் சில மணி நேரத்தின் வாகனம் மிதிவண்டி. சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய மிதிவண்டி ஓர் இளைஞனுக்கு எத்தகைய விடுதலையைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பட்டணத்தில் படம் பார்க்கலாம். அண்டைத் தோட்டத்து நண்பனைத் தேடிப் போகலாம். ஆனால், எதிரில் துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். துரை மட்டுமா? வேலைநிறுத்தக்காரர்கள் வெள்ளையரை மட்டும் குறிப்பிடவில்லை. ஆசிய அலுவலர்களையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். கிராணிமாருள் பலர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆவர். தமிழன் முன்னால் தமிழன் வண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. வேலை நேரத்தில் பணிவதை அவர்கள் ஒருவாறு பொறுத்துக்கொண்டார்கள் என்றே கொள்வோம். வேலை முடிந்து சொந்த வண்டியில் போகும்பொழுதும் பணிய வேண்டும் என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

கள்ளுக்கடையை மூடு என்று கேட்டதையும் இந்த வெளிச்சத்தில் காண வேண்டும். உறவினர் வருவதற்குத் தடை, ஆனால் கள்ளுக்கு வாசல் திறந்திருந்தது. ஓய்வு நேரத்தை நிரப்ப நிருவாகம் தடையின்றித் தந்தது அது ஒன்றுதான் என்றால் மிகையாகாது.

போராட்டம் எப்படி முடிந்தது? 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேறு பலரும் அவ்வாறே அனுப்பப்பட்டனர். வேலைக்குத் திரும்ப முயன்றவர்களுள் பலருக்குப் பழைய தோட்டத்தின் கதவு மூடப்பட்டது. உறவினர் வர உரிமை கேட்டவர்கள், தாங்களே வர முடியாதவர்கள் ஆனார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8இல் சப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினர். அடுத்து வந்த ஆண்டுகளில், அதே லயன்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போருக்குப் பின் சற்றே மூச்சு விட்ட மக்கள், 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் மறுபடியும் முள்வேலியையும் ஊரடங்கையும் கண்டார்கள். பல தோட்டங்களில் லயன்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, வேலிவாசலில் சோதனை நடந்தது. விருந்தாளி வருகை இன்னொரு முறை காவலரின் கண்காணிப்புக்குள் போனது.

கிள்ளான் வட்டாரத்து அத்தோட்டங்களுள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தீபாவளிக்கு நாம் திறந்த இல்ல உபசரிப்பு நடத்துகிறோம். இனம், மதம் பாராமல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்து வைக்கிறோம். அந்தக் கதவு ஒரு காலத்தில் யாருடைய கையில் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய மாட்டார்கள்.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரலாற்றுப் பாடத்திற்கான ஒப்படைப்பாக, வரும் பள்ளி விடுமுறையில் மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்பதற்குச் சில கேள்விகளைக் கொடுங்கள். தோட்டத்தில் உங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்ததா? திருவிழாவுக்கு எந்தெந்தத் தோட்டத்தார் வந்தார்கள்? வீட்டில் முதல் மிதிவண்டியை வாங்கியவர் யார்? அதில் அவர் முதன்முதலில் எங்கே போனார்? விடைகளை மாணவர்கள் தங்கள் கையெழுத்திலேயே எழுதட்டும்; தேதியும் தோட்டத்தின் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, அந்த நேரத்தில் தொலைக்காட்சியைச் சற்று அணைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் அமருங்கள். பாட்டி சொல்லும் தோட்டத்துச் சொற்களைப் பிள்ளைகளுக்கு விளக்க ஆள் வேண்டும்.