துப்பாக்கிக் குழலும் ஆட்சியதிகாரமும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்களையும் படைத்தலைவர்களையுமே எழுதிச் செல்கின்றனர். இரும்புக் குழலை உள்ளே குடையும் கருவியை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு துப்பாக்கி யாருக்கு எந்த அளவு பயன்படும் என்பது பலவேளைகளில் அக்கருவியின் முனையிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றது.

பட்டறை வழக்கில் அதற்கு ரீமர் என்று பெயர். நெடுக்கே வெட்டுவிளிம்புகள் கொண்ட உருக்குத் தண்டு அது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையை அதுவே கடைந்து முடிக்கின்றது. ஒருவருக்கெனத் தனியே துப்பாக்கி செய்யும் தொழிலாளி, எந்த ரீமர் வேண்டும் என்பதை நன்கு சிந்தித்தே முடிவு செய்வான். இறுக்கமான அறை குறிபிசகாமைக்கு உதவும். ஆனால் அதற்கென அளந்து செய்த தோட்டாவையே ஏற்கும். தளர்வான அறை சேறும் தூசியும் படிந்த தோட்டாவையும் ஏற்கும். போர்ப்படைகள் நாடியது அதனையே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் சில கூறுகளே.

தொழிலாளிக்குரிய இந்த அளவுத் தேர்வு ஆளும் வர்க்கத்தின் கைக்குப் போனால் என்ன நிகழும்?

1857ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சியைக் கற்பிக்கும்போது, கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதையை ஆசிரியர்களாகிய நாம் தவறாமற் சொல்கின்றோம். அத்தோட்டா என்பீல்டு துப்பாக்கிக்கு உரியது. அதன் 0.577 அங்குலக் குழலின் உட்சுவரில் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து, பல நூறு கஜம் வரை குறிதவறாமற் செலுத்தின. ஆனால் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் நடந்ததை நாம் சொல்வதில்லை.

இந்தியச் சிப்பாய்களுக்கென 1858ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி ஒன்று வகுக்கப்பட்டது. புறத்தோற்றத்தில் அது என்பீல்டேதான். குழலோ 0.656 அங்குலமாகக் குடையப்பட்டு, சுருள் வரிகள் அடியோடு அகற்றப்பட்டன. வெள்ளைச் சிப்பாயின் குண்டு தொலைவிற் குறியை எட்டும்; அவனருகே அதே அரசுக்காக நிற்கும் இந்தியனின் குண்டு நூறு கஜத்திற்கு அப்பால் எங்கோ போகும். குடைந்ததிற் குழலின் சுவர் மெலிந்துவிட்டது. அதனால், தடித்த சுவர் கொண்ட 1859ஆம் ஆண்டு மாதிரி பின்னர் செய்யப்பட்டது. ஆயுதத்தைத் தரவும் வேண்டும், அதன் ஆற்றலைத் தராதிருக்கவும் வேண்டும்: ஏகாதிபத்தியத்தின் இந்தச் சிக்கலைக் குடைகருவி தீர்த்துவைத்தது.

இது ஒருமுறை நேர்ந்த நிகழ்ச்சி அன்று. 1878இல் தொடங்கிய ஆப்கானியப் போரில் பிரித்தானியப் படை மார்ட்டினி-ஹென்றியை ஏந்திற்று. இந்தியப் படைக்கு அதற்கு முந்திய ஸ்னைடரே கிடைத்தது. பிரித்தானியர் லீ-மெட்போர்டுக்கு மாறிய பின்னரே மார்ட்டினி இந்தியர் கைக்கு வந்தது. அதே 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியக் குடிமகனிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது.

இருபதாம் நூற்றாண்டில் வங்கத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் இதே வேலை நடந்தது. 0.303 அங்குலத் துப்பாக்கிகளின் வரிகள் நீக்கப்பட்டு, அவை 0.410 அங்குலமாகக் குடையப்பட்டன. தோட்டாப்பெட்டி அடைக்கப்பட்டு, ஒவ்வொரு தோட்டாவாக மட்டும் இடும்படி ஆக்கப்பட்டது. சிறைக்காவலர் போன்றோருக்கு அவை வழங்கப்பட்டன. தன் காவலாளியையே நம்பாத ஆட்சியின் கைவேலை அது!

விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்றா? 1962ஆம் ஆண்டுச் சீனப் போரையடுத்து, அதே இஷாப்பூரில் உறுதி கூடிய உருக்கினால் 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. இம்முறை வரிகள் பறிக்கப்படவில்லை. தன் படைவீரனுக்கு முழு ஆற்றலுள்ள ஆயுதம் கிடைத்தது. அது உண்மையான முன்னேற்றமே. ஆனால் அதன் தோட்டா அறைக்குரிய 7.62 மில்லிமீற்றர் அளவு நேட்டோ அணி வகுத்தது. அணிசேராமையை முழங்கிய நாடும், அளவுகோலை அணியொன்றிடமிருந்தே பெற்றது.

இது அயல்நாட்டுக் கதையென நாம் ஒதுங்கிவிடலாகாது. பெரியநீலாவணையிலிருந்து தெற்கே, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நம் கரையோரத்திலே, 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்திற் குழந்தைகளும் ரி-56 என்ற பெயரை அறிந்திருந்தனர். சீனத்து ஆலைகளில் உருவான துப்பாக்கி அது. அதன் அறையோ 1943இல் சோவியத் நாட்டில் வகுக்கப்பட்ட தோட்டாவுக்காகக் கடையப்பட்டது. சுட்டவர் எவராயினும், வீழ்ந்தவர் எவராயினும், இரும்பின் அளவை வகுத்தவர் இம்மண்ணில் இருக்கவில்லை.

ஆகவே, வரலாற்று மாணவர்கள் போரின் தேதிகளை மனனம் செய்வதோடு நின்றுவிடலாகாது. ஆயுதத்தை யார் கொடுத்தார் என்று கேட்பதோடு, அதில் எதைக் கொடாமல் வைத்துக்கொண்டார் என்றும் கேட்கவேண்டும். அதற்கான விடை சில வேளைகளிற் குழலின் உட்சுவரிலேயே இருக்கும்.