சப்ரகமுவ தோட்டங்களும் மதத் தலைவர்களின் தேர்தல் ஆதரவும்

மதத் தலைவர்களின் தேர்தல் ஆதரவு எதைச் சாதிக்கும் என்பதை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தமிழர் வாக்குரிமை இல்லாமலேயே முதலில் அனுபவித்தனர். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றியிருந்தன.

1956 தேர்தலில் பௌத்த பிக்குகளின் அமைப்பான எக்சத் பிக்கு பெரமுன, அத்தேர்தலில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவுக்காக ஊர் ஊராக வாக்குக் கேட்டது; அவரது கூட்டணி 95 ஆசனங்களில் 51ஐ வென்றது. அந்த ஆதரவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. தமிழ்த் தலைவர் செல்வநாயகத்துடன் செய்துகொண்ட, தமிழ்மொழிக்கு ஓரளவு இடமளித்த 1957 பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை, பிக்குகள் எதிர்த்ததும் 1958 ஏப்ரலில் கைவிட்டார். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு. அந்தக் கொலைச் சதிக்காகத் தண்டிக்கப்பட்ட மாபிட்டிகம புத்தரக்கித தேரரோ 1956 வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர்.

பின்னர் வாக்குரிமை திரும்பக் கிடைத்தபோது தோட்டங்களில் நிலை வேறு. வேட்பாளர்கள் கோயில் பூசையோடு பிரசாரம் தொடங்கினாலும், வாக்கைத் திரட்டியது பெரிதும் தொழிற்சங்கமே. சிதறி வாழும் சப்ரகமுவ தமிழரின் வாக்கு மட்டும் ஒருவரை நாடாளுமன்றம் அனுப்பப் போதாது. விருப்பு வாக்கு முறையில் சிங்கள வாக்கும் தேவை. 2024இல் இரத்தினபுரியில் தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவானார். அவருக்குக் கைகொடுத்தது மத ஆசியைவிட நாடு தழுவிய கட்சி அலை என்றே கொள்ளவேண்டும்.