இந்து பிலிமும் ஊட்டி டீயும்

உள்நாட்டுப் பொருளை ஆதரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எப்படி ஆதரிப்பது என்பதற்கு நீலகிரியே இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது.

ஊட்டியில் மத்திய அரசு 1960இல் தொடங்கிய நிறுவனம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். பிலிம் தயாரிக்கத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும். அது இந்த மலையில் இருந்தது. தொழில்நுட்பம் பிரான்சிலிருந்து வந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. இறக்குமதி வரி என்ற வேலி இருந்தவரை விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் வேலிக்குள் இருந்த காலத்தில் வண்ண பிலிமை முழுக்கச் சொந்தமாகத் தயாரிக்கும் திறன் வளரவில்லை. 1991க்குப் பிறகு வரி குறைந்தது; 1996இல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா அதன் பிறகுதான் பரவியது. கேமராவின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

தேயிலையின் கதை வேறு. இங்கே உற்பத்தியாளர் ஒரு நிறுவனம் அல்ல, ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள். அவர்களின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்காக 1965இல் இன்கோசர்வ் இணையம் உருவானது. சோவியத் யூனியன் சிதறியபோது நீலகிரித் தூளின் பெரிய வாடிக்கையாளர் போனார். 2000ஐ ஒட்டி இலை விலை சரிந்து மலையே கொந்தளித்தது. அரசு ‘ஊட்டி டீ’யை ரேஷன் கடைக்குக் கொண்டுவந்தது. பிலிமுக்கு வரிச்சுவர் கட்டினார்கள்; தேயிலைக்கு ரேஷன் கடையில் ஒரு சந்தையைத் திறந்துவிட்டார்கள். இரண்டாவதுதான் நல்ல வழி என்பேன். ஆனாலும், அரிசி வாங்க வருபவரிடம் டீத்தூளையும் சேர்த்துத் திணித்தால் அவர் அந்தப் பொருளையே வெறுப்பார்.

கூடலூரை அடுத்த தேவர்சோலைப் பக்கம் மாலையில் இலை எடை போடும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். சாக்கை அவிழ்த்து ஒரு பிடி இலையை ஏஜென்ட் அழுத்திப் பார்க்கிறார். ஈரம் என்று கொஞ்சம், கரட்டு இலை என்று கொஞ்சம் எடையில் கழிகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். கடையில் பாக்கெட் என்ன விலைக்குப் போனாலும், இந்தத் தராசில் கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆதரவை அளக்க முடியும். கத்தரியால் வெட்டாமல் இரண்டு இலை ஒரு மொட்டாகக் கையால் எடுத்தால் தூள் நன்றாக வரும். அதற்கு ஆள் கூலி கட்ட வேண்டுமே!

கூடலூர் வட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் தலைமுறையாகப் பயிரிடுகிற பலருக்கு இன்றும் பட்டா இல்லை. பழைய செடியைப் பிடுங்கி நல்ல ரகம் நடலாம் என்று வங்கிப் படி ஏறினால், முதலில் கேட்பது அந்தப் பட்டாவைத்தான்.