இணையவழிப் பாடநெறிப் பதிவு முறைமை

இணையவழிப் பாடநெறிப் பதிவு முறைமை என்பது, பல்கலைக்கழக மாணவர் தாம் கற்கவிருக்கும் பாடநெறிகளைத் தெரிவுசெய்து பதிய உதவும் மென்பொருள். பெரும்பாலான நாட்களில் இதற்கு வேலை குறைவு. பதிவு திறக்கும் நாளில் கூட்டம் அலைமோதும். ஆகவே ஒரே கணினியை நம்பாமல், பல சேவையகங்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பரவல் முறைமையாக இது அமைக்கப்படுகிறது.

இலங்கைப் பின்னணி

பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புக்கான அனுமதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிறது. இதில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. திம்புள்ள தேயிலைப் பிரதேசம் அமைந்த நுவரெலியாவும் அவற்றுள் ஒன்று. அனுமதிக்குப் பின் பாடநெறிப் பதிவை அந்தந்தப் பல்கலைக்கழகமே கவனிக்கிறது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நாவலையில் உள்ளது. ஹட்டனில் அதற்குக் கற்கை நிலையம் உண்டு. நாடெங்கும் சிதறி வாழ்வோர் கற்கும் தொலைக்கல்விக்கு இணையவழிப் பதிவு மிகவும் பயன்படுகிறது.

இயங்கும் விதம்

முன்வாயில் கணினி, வருவோரைச் சேவையகங்களுக்குப் பிரித்து அனுப்பும். பாடநெறிப் பட்டியலின் நகல்களைப் பல இடங்களில் வைக்கலாம்; அது சில நொடி பழையதாயினும் கேடில்லை. மீதமுள்ள இடங்களின் கணக்கு அப்படியன்று. 60 பேருக்கான வகுப்பில் 59 பேர் பதிந்திருக்க, இரு சேவையகங்கள் ஒரே கணத்தில் அந்த எண்ணைப் படித்து தலா ஒருவரைச் சேர்த்தால் 61 பேர் ஆகிவிடுவர். இதைத் தவிர்க்க, இடம் உள்ளதா எனப் பார்ப்பதும் எண்ணைக் கூட்டுவதும் தரவுத்தளத்தில் பிரிக்கமுடியாத ஒரே செயலாக நடக்கவேண்டும்.

பரவல் முறைமைகள் பற்றிக் கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்த கருத்தை சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் தேற்றமாக நிறுவினர். வலையமைப்பு துண்டுபட்டால், முரணற்ற தகவல், தடையற்ற சேவை ஆகிய இரண்டையும் ஒருங்கே காக்க இயலாது என்பது அதன் சாரம். பட்டியலைக் காட்டுவதில் சேவைக்கும், இடம் ஒதுக்குவதில் முரணின்மைக்கும் முதலிடம் தருவதே முறை.

மலையகத்தில் பொருந்துமாறு

மலைமடிப்பிலுள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு மாணவி கைத்தொலைபேசியில் பதிவை அனுப்புகிறாள் என்று கொள்வோம். கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் வருமுன் சிக்னல் அறுந்துவிட்டது. அவள் மீண்டும் அழுத்துவாள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இலக்கம் இருந்து, மீண்டும் அழுத்தும்போதும் அதே இலக்கமே சென்றால், எத்தனை முறை அனுப்பினாலும் பதிவு ஒன்றாகவே நிற்கும். பக்கங்கள் சில கிலோபைட்டுக்குள் அடங்கினால் டேட்டாச் செலவும் குறையும்.

முந்தி அழுத்தியவருக்கே இடம் என்ற விதி, வேகமான இணைப்பு உள்ளவருக்கே சாதகமானது. விருப்பங்களைச் சில நாட்கள் திரட்டி, அறிவித்த விதிப்படி ஒரே நேரத்தில் ஒதுக்குவது நெரிசலையும் தணிக்கும், நீதியையும் காக்கும். அனுமதியின்போது மாவட்ட ஏற்றத்தாழ்வைக் கருதும் நாட்டில், பதிவு மென்பொருளும் அதைக் கருதியே வடிவமைக்கப்பட வேண்டும்.