கட்டைவிரலும் கையுறையும்: ஒரு பழக்கம் குற்றமான வரலாறு

பிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் 1845இல் வெளியிட்ட சிறுவர் நூலில், தாயின் சொல்லை மீறி விரல் சூப்பிய சிறுவனின் இரு கட்டைவிரல்களையும் தையற்காரன் ஒருவன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறான். அக்கதையில் பல்லைப் பற்றிய பேச்சே இல்லை, கீழ்ப்படியாமையே குற்றம். பல் சாட்சியாக அழைக்கப்பட்டது பின்னர்தான். 1878இல் தாமஸ் சாண்ட்லர் பாஸ்டன் மருத்துவ இதழொன்றில் விரல் சூப்புதலைப் பல்வரிசைக் கோளாற்றுக்குக் காரணமாகக் காட்டினார். மறு ஆண்டே புடாபெஸ்ட் குழந்தை மருத்துவர் லிண்ட்னர் இப்பழக்கம் குறித்து விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். 1905இல் ஃபிராய்டு அதே ஆய்வைக் குழந்தைப் பாலுணர்வுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். இவ்வாறு ஒரே விரலைப் பல் மருத்துவமும் உளப்பகுப்பாய்வும் பங்கிட்டுக்கொண்டன.

இவ்விரு அச்சங்களும் வீட்டுக்குள் ஒன்றாகவே நுழைந்தன. அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பணியகம் 1914இல் தாய்மாருக்கென வெளியிட்ட கையேடு, சூப்பும் கையை மூடிச் சட்டைக்கையை ஊசியால் குத்திவைக்கவோ தைத்துவிடவோ அறிவுறுத்தியது. 1928இல் நடத்தையியலாளர் ஜான் வாட்சன் விரற்பிரிவற்ற துணியுறைகளை இரவும் பகலும் அணிவிக்கச் சொன்னார். அதே அரசுக் கையேடு 1940களின் பதிப்புகளில் குரலைத் தணித்துக்கொண்டது. குழந்தையின் வாயோ அந்த முப்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை.

பல்லுக்கு நேரும் தீங்கு கற்பனையன்று. விரல் மேல் வெட்டுப்பற்களை முன்னே தள்ளுகிறது. நாக்கு தாழ்ந்து அண்ணத்தை விட்டு விலகுகிறது. உறிஞ்சும்போது கன்னத் தசைகள் அழுத்த, உள்ளிருந்து எதிர்ப்பில்லாத மேல்தாடை குறுகுகிறது. வாயை மூடினாலும் முன்பற்களிடையே திறப்பு நிற்கும். அத்திறப்பு ‘ஸ’ போன்ற உரசொலிகளின் உச்சரிப்பையும் பாதிக்கக்கூடும் (மொழியியலார் இதை அறிவர்). ரப்பர் சூப்பானின் விளைவும் ஏறத்தாழ இத்தகையதே. பல்லின் இருப்பிடத்தை நிர்ணயிப்பது அழுத்தத்தின் வலிமையைவிட அது நீடிக்கும் நேரமே என்று 1978இல் வில்லியம் பிராஃபிட் வாதிட்டார்; நாளுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத் தொடர் அழுத்தம் என்பது அவர் தந்த அளவு.

ஆகவே வயதே இங்கு முதன்மையான கேள்வி. நிலைப்பற்கள் முளைக்குமுன் பழக்கம் நின்றால், முன்பற்களின் திறப்பு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. குறுகிய மேல்தாடை அவ்வளவு எளிதில் விரிவதில்லை. கவலைக்குரிய காலம், அப்பழக்கம் மூன்று நான்கு வயதைக் கடந்தும் நீடிக்கும்போதே தொடங்குகிறது. ஆனால் ஊசி குத்தப்பட்ட சட்டைக்கைகளும் துணியுறைகளும் பூட்டப்பட்டவை, பல பற்கள் இன்னும் முளைத்தே இராத கைக்குழந்தைகளின் கைகளில்.